டோக்கன் கொண்டு வருபவரிடம் மட்டுமே

அனுப்புநர்:
டோக்கன்காரர் (எங்கள் தெருவில் இப்படிக் கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்; முழுப்பெயர் இணைப்பிலுள்ள அடையாள அட்டை நகலில் உள்ளது),
ரயில் நிலைய இருசக்கர வாகன நிறுத்துமிடத்தின் முன்னாள் பொறுப்பாளர்,
தரைத்தளம், படிக்கட்டை ஒட்டிய வீடு.

பெறுநர்:
உயர்திரு காவல்துறை உதவி ஆணையர் அவர்கள்,
உதவி ஆணையர் அலுவலகம்.

பொருள்: என் மகனின் மோட்டார் சைக்கிள் களவு போனது – வண்டியின் உரிமையாளர் நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, தந்தையாகிய என் புகாரையே பதிவு செய்துகொள்ளவும், என் மகனுக்கு இது குறித்துத் தகவல் தராதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நான் நேரில் அளித்து, வாங்கிக்கொள்ளப்படாத புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வேலைப்பளு அறிந்தும் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். சற்று நீளமாக இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவன் எழுத உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகிறது. பொறுத்தருள வேண்டும்.

1. நான் ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள வண்டி ஸ்டாண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். நான் டோக்கனை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் செருகி, மறுபாதியை ஓடுகிறவர் கையில் திணிப்பேன். டோக்கனின் பின்பக்கம் சில விதிகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். அவற்றில் முதலாவது, டோக்கன் கொண்டு வருபவரிடம் மட்டுமே வண்டி ஒப்படைக்கப்படும் என்பது. இந்த ஒரு விதிக்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "என் வண்டி எனக்குத் தெரியாதாய்யா?" என்று சண்டைக்கு வருவார்கள். வண்டிக்கு உங்களைத் தெரியணுமே சார் என்று சொல்லி உட்காரவைத்துவிடுவேன். நான் இருந்தவரை அங்கே ஒரு வண்டிகூடக் காணாமல் போனதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலிலிருந்தே வண்டி போய்விட்டதென்றால், தெருவில் அவன் என்ன முகத்தோடு நடப்பான் என்பதைத் தாங்கள் உணரவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

2. களவு போன வண்டி கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்கின் இடப்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கும். பதிவுச் சான்று என் மகன் பெயரில் உள்ளது. அவன் இப்போது வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் தாயார் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் இருவரும் இந்த வண்டியும்தான்.

3. அவன் புறப்பட்ட அன்று வாசலில் கார் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வண்டியப் பாத்துக்கங்கப்பா" என்றான். கட்டிப்பிடித்து அழுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது. கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெறும்போது ஞாபகத்துக்காகக் கொண்டுவந்த டோக்கன் கட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் ஒன்றைக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் செருகினேன். மறுபாதியை அவனிடம் நீட்டி, "டோக்கன் இல்லாம வந்தா வண்டி கிடையாது. பெத்த புள்ளையா இருந்தாலும் சரி" என்றேன். அவன் சிரித்துவிட்டு அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். கார் போய்விட்டது. நாங்கள் விடைபெற்றது அவ்வளவுதான்.

4. அது முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் தொலைபேசியில் அழைப்பான். எடுத்ததும் கேட்கிற கேள்வி, "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்பதே. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நானும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. கைபேசியோடு வெளியே போய், உறையை நீக்கி, வண்டியைக் கிளப்பி, கைபேசியைச் சைலன்சர் பக்கத்தில் பிடிப்பேன். அவன் அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பான். "நல்லாருக்குப்பா. சரி, வெச்சுரட்டா?" என்பான். வைத்துவிடுவான் என்று பயந்து, செயினில் ஏதோ சத்தம் வருகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்பேன். செயினில் ஒரு சத்தமும் இருக்காது. நன்றாக எண்ணெய் விட்டுத்தான் வைத்திருப்பேன். அதற்கு அவன் ஐந்து நிமிடம் விளக்கம் சொல்வான். அடுத்த வாரம் பிரேக்கில் குறை சொல்வேன். வண்டியில் இப்படி நான் இல்லாத நோயெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

5. வண்டியைக் காப்பாற்ற நான் செய்திருந்த ஏற்பாடுகள் வருமாறு. முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி போட்டால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். ஆகவே வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகச் சங்கிலியை விட்டுத் தூணோடு சேர்த்துப் பூட்டியிருந்தேன். மேலே சாம்பல் நிற உறை. யாராவது தொட்டால் கத்துகிற அலாரமும் வாங்கிப் பொருத்தினேன். ஆனால் பூனை ஏறினாலும் அது கத்தியது. ஒவ்வொரு முறையும் எல்லா வீட்டுக் கதவுகளும் திறக்கும். எல்லோரும் வெளியே வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில் குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டு அலாரத்தின் ஒயரைத் துண்டிக்கச் சொன்னார்கள். துண்டித்தேன். அதன் பிறகு ஒரு கதவும் திறப்பதில்லை. திட்டாவது வாங்கிக்கொண்டிருந்தோமே என்று சில நாள் தோன்றியது உண்மை.

6. சைடு லாக் ஏன் போடவில்லை என்று நிலையத்தில் கேட்டார்கள். அது என் தொழில் செய்த வினை. ஸ்டாண்டில் யாராவது ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போனால் அந்த வண்டியை நகர்த்த முடியாது, ஒரு வரிசையே முடங்கிவிடும். "சைடு லாக் போடாதீங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. வீட்டிலும் என் கை ஹேண்டிலைப் பூட்டப் போனதே இல்லை. ஊருக்கெல்லாம் போடாதே என்று சொன்னவன் தனக்கும் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

7. சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை பகலில். மாடி வீட்டுக் குடும்பத்தினர் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்ற ஒரு லாரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். ஒருவர் வாயே திறக்காதவர். மற்றவருக்கு என் மகன் வயது இருக்கும். அவரை இம்மனுவில் தம்பி என்றே குறிப்பிடுகிறேன், வேறு பெயர் எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி என் கதவைத் தட்டி, "அப்பா, பீரோ இறங்கணும், இந்த வண்டிய கொஞ்சம் நகர்த்திக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். நானே சங்கிலியைக் கழற்றி, வண்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, உறையைப் போட்டேன். அங்கே தூண் கிடையாது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

8. அதன் பிறகு நான் உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை. தம்பி ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசினார். மதியம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டார். ஐயா, அந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்தேன். மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தோம். மகன் வெளிநாட்டில் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியைக் கிளப்புவது, வீட்டில் நான் ஒற்றை ஆள் என்பது உட்பட எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் ஒன்றையும் பிடுங்கிக் கேட்கவில்லை. "ஸ்டாண்டுல இருந்தவரா? அப்ப வண்டி எப்படியெல்லாம் களவு போகும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்தப் பூட்டு எதற்கு உதவும், எது உதவாது, சைடு லாக் இல்லாத வண்டியைச் சத்தமே இல்லாமல் எப்படித் தள்ளிக்கொண்டு போவார்கள் என்றெல்லாம் பாடம் நடத்தினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

9. மாலையில் மாடி வீட்டுக்காரர்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். நான் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தபோது, அட்டையும் பிளாஸ்டிக் தாளும் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பெரிய பொதி, இரண்டு சக்கரம் மட்டும் வெளியே தெரிய, லாரியின் சரிவுப் பலகை முன் நின்றது. மாடி வீட்டார் வண்டி என்று நினைத்தேன். "அப்பா, கொஞ்சம் கை குடுங்க, கனமா இருக்கு" என்றார் தம்பி. கொடுத்தேன். நானும் சேர்ந்து தள்ளி மேலே ஏற்றினேன். ஹேண்டில் தாராளமாகத் திரும்பியதைப் பார்த்து, சைடு லாக் போடாமல் விட்டிருக்கிறார்களே, விவரமானவர்கள் என்று பாராட்டவும் செய்தேன். குலுங்காமல் இருக்க இன்னொரு கயிறு போடச் சொன்னேன், போட்டார்கள். தம்பி என் கையைப் பிடித்து, "உடம்பப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி திரும்புகிறவரை வாசலில் நின்று கையசைத்தேன்.

10. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உறை நின்ற இடத்திலேயே உப்பலாக நின்றது. வண்டியை நாளைக்குத் தூண் பக்கம் கொண்டுவரலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. மகன் அழைத்தான். "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உறையைத் தூக்கினேன். உள்ளே மாடி வீட்டார் வேண்டாமென்று விட்டுப்போன உடைந்த நாற்காலியும் இரண்டு தலையணையும் இருந்தன. பேட்டரி இறங்கிவிட்டது, கிளப்ப முடியவில்லை என்று சொன்னேன். சரிப்பா என்று உடனே வைத்துவிட்டான். வண்டி இல்லாவிட்டால் பேச்சு எவ்வளவு நேரம் இருக்கும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

11. மாடியில் இருந்தவர்களைத் தேடிப் போய் விசாரித்தேன். சாலையோரம் நின்ற லாரியைக் கைகாட்டிப் பிடித்தார்களாம், எண் தெரியாதாம். அவர்கள் சாமானில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. லாரியில் இருந்த பொதியை வேறு யாருடைய சுமையோ என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.

12. காவல் நிலையத்தில் எழுத்தர் அவர்கள் என் புகாரைப் பாதி வரை கேட்டார்கள். வண்டியை நானே தள்ளி ஏற்றியதைச் சொன்னபோது பேனாவை மூடிவிட்டு, "பெரியவரே, நீங்களே ஏத்தி அனுப்பிட்டு நீங்களே புகார் குடுக்கறீங்களா?" என்றார்கள். பக்கத்து மேசைகளிலும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய முடியும்? பிறகு, "வண்டி உங்க பையன் பேர்ல இருக்கு. ஓனர் நேர்ல வரணும். நம்பரக் குடுங்க, நாங்களே பேசிச் சொல்லிடறோம்" என்றார்கள். நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி போனது தெரிந்தால் என் மகன் ஞாயிற்றுக்கிழமை எதற்காக அழைப்பான்? இது சட்டப்படி ஒரு காரணமாகாது என்பது எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிற காரணம் இது ஒன்றுதான்.

13. அடுத்த ஞாயிறும் வந்துதானே தீரும். எதிர்வீட்டில் ஒரு செவிலியர் இருக்கிறார். பணி முடிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியவரிடம், எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட முடியுமா என்று கேட்டேன். "இது என்ன கூத்து அங்கிள்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு ஒன்றும் கேட்காமல் எஞ்சினை முறுக்கிக்கொண்டு நின்றார், பாவம், தூக்கக் கலக்கத்தோடு. கைபேசியைப் பக்கத்தில் பிடித்தேன். மகன் வழக்கம்போல் அமைதியாகக் கேட்டான். "நல்லாருக்குப்பா" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தெருமுனையில் வரும்போதே தன் வண்டிச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறவன் அவன். ஸ்கூட்டரைக் கேட்டுவிட்டு நல்லாருக்கு என்கிறானென்றால், இத்தனை நாளும் அவன் காது அங்கே இருந்ததா இல்லையா என்று வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

14. தேடுவதற்கு வசதியாகத் தம்பியின் அடையாளங்களைத் தருகிறேன். மாநிறம், நடுத்தர உயரம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. இவற்றைவிட முக்கியமான அடையாளம், எதிரே இருப்பவர் பேசினால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். இப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதால் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைக்கிறேன். பிடிபட்டால் அவரை அடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டதும் திருட்டுக்காகத்தானா என்று மட்டும் விசாரித்துச் சொன்னால் போதும். அதற்கு அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்குக் கோபம் இல்லை.

15. ஆகவே, நிபந்தனையைத் தளர்த்தி என் பெயரிலேயே புகாரைப் பதிவு செய்யவும், என் மகனுக்குத் தெரியாமலேயே வண்டியை மீட்டுத் தரவும்

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. ஐயா, இதுவரை எழுதியது நேற்று. இன்று ஞாயிறு. சற்றுமுன் மகன் அழைத்தான். என்ன நடந்தது என்பதையும் மனுவில் சேர்க்கக் கடமைப்பட்டுள்ளேன்.

16. கைபேசியை எடுத்தேன். செவிலியர் வாசலில் ஸ்கூட்டரோடு தயாராக நின்றார். மகன் எடுத்த எடுப்பிலேயே, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றான். வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போன வாரம் கேட்டது ஸ்கூட்டருப்பா. என் வண்டி எனக்குத் தெரியாதா?" என்றான். செவிலியருக்குக் கையசைத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். நானே தள்ளி ஏற்றிய இடம் வந்தபோது அவன் சிரிக்க ஆரம்பித்தான். "இன்னொரு கயிறு வேற போடச் சொன்னீங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். நிலையத்தில் சிரித்ததுபோல் இல்லை. நானும் சிரித்தேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் போன பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

17. கடைசியில் அவன், "போனாப் போகுதுப்பா. பழைய வண்டிதானே" என்றான். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னான். ஆனால் அது எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வண்டி போனால் போகட்டும் என்றால், திரும்பி வந்து எடுத்துக்கொள்ள அவனுக்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது? எப்போது வருவாய் என்று கேட்க நினைத்தேன். டோக்கன் இருக்கிறதா என்று கேட்டேன். "பர்ஸுலதான் இருக்கு. அது எங்க போகும்?" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

18. எனவே நான் மேலே கேட்டுக்கொண்டதைத் திரும்பப் பெறுகிறேன். உரிமையாளர் நேரில் வரவேண்டும் என்று எழுத்தர் அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அவர் மேல் வருத்தப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் தெரிவிக்கவும். அடித்தல் திருத்தல் உள்ள மனுவை வாங்கமாட்டார்கள் என்பதால் 'பொருள்' பகுதியை அப்படியே விட்டிருக்கிறேன். அருள்கூர்ந்து அதை நேர்மாறாகப் படித்துக்கொள்ளவும்.

19. என் வேண்டுதல் இப்போது இதுதான். வண்டியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கிடைத்ததும் நிலையத்திலேயே நிறுத்தி, உரிமையாளர் தவறாமல் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று என் மகனுக்கு அரசு முத்திரையோடு கடிதம் அனுப்புங்கள். கிடைக்காவிட்டாலும், பிடிபட்ட வேறு ஏதாவது கறுப்பு வண்டியை அடையாளம் பார்க்க வரச்சொல்லி எழுத விதியில் இடமிருக்குமானால், அப்படியாவது எழுதுங்கள். ஹேண்டில்பாரில் பாதி டோக்கன் இருக்கும். கிழிந்த ஓரத்தை அவன் கொண்டுவரும் பாதியோடு வைத்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் கொடுங்கள். வயதானவர், பாவம் என்று யாரும் இரக்கப்பட்டு விதியைத் தளர்த்திவிடக் கூடாது. யார் வந்து கேட்டாலும், நானே வந்து அழுது கேட்டாலும், வண்டியை என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கள் கடிதம் அவனுக்குப் போய்ச் சேரும் நாளை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
டோக்கன்காரர்

நாள்: ஞாயிறு, தொலைபேசி வைத்த பிறகு
இடம்: வீட்டுப் படிக்கட்டு

இணைப்பு:
1. அடையாள அட்டை நகல், வண்டியின் பதிவுச் சான்று நகல்.
2. மகனின் முகவரியும் தொலைபேசி எண்ணும் (ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த எண்ணில் அழைக்கவேண்டாம்; என்னோடு பேசிக்கொண்டிருப்பான்).
3. ஒப்பிட்டுப் பார்க்க, அதே கட்டிலிருந்து கிழிக்காத டோக்கன் ஒன்று.